120 மில்லி கண்ணாடிப் பால் பாட்டில்: இரண்டு மாத அனுபவம்

மனைவி வேலைக்குத் திரும்பியதும் பகலில் மகளுக்குப் பால் புகட்டுவது என் பொறுப்பானது. முதலில் வாங்கிய பாட்டிலில் பால் கொட்டோ கொட்டென்று கொட்டியது; இரண்டு மடக்கிலேயே புரையேறி முகம் சிவந்துவிட்டாள். பதறிப்போனேன். அப்புறம்தான் இந்தக் கண்ணாடி பாட்டிலையும் மெதுவாகப் பால் வரும் சிலிக்கான் நிப்பிளையும் வாங்கினேன். கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. தலை உயர்ந்திருக்க மடியில் சாய்த்து, பாட்டிலைப் படுக்கைவாக்கில் பிடித்தால், உறிஞ்சி, நிறுத்தி, மூச்சுவிட்டு, தன் வேகத்தில் குடிக்கிறாள். பாட்டிலின் வாய் அகலம், பிரஷ் அடிவரை போகிறது. 5 நிமிடம் கொதிக்க வைத்தாலும் வாடையில்லை. எடை அதிகம் என்பதுதான் குறை, கை வலிக்கிறது. மூடி வளையத்தின் மரையில் பால் தங்கும். அதைத் தனியாகத் தேய்த்துக் கழுவுங்கள். நிப்பிள் பிசுபிசுத்தாலோ விரிசல் விட்டாலோ உடனே மாற்றிவிடுங்கள்.