என்யுஎஸ், என்டியு, எஸ்யுடிடி: அறிவியல் மாணவர் எந்த வளாகத்தை முதலில் பார்ப்பது?

சிங்கப்பூரில் பல்கலைக்கழக நுழைவுக்கு எழுதும் ஏ லெவல் தேர்வின் முடிவுகள் பிப்ரவரிக் கடைசியில் வரும். அதையொட்டியே பல்கலைக்கழகங்களின் ஓப்பன் ஹவுஸ் நடக்கும், மார்ச் பாதி தாண்டினால் விண்ணப்பத் தேதியும் முடிந்துவிடும். இந்த இரண்டு மூன்று வாரங்களில் எல்லா வளாகங்களையும் சுற்றுபவர்களுக்குக் கையில் மிஞ்சுவது துணிப்பைகளும் கால்வலியும்தான். ஏ லெவலுக்குப் படிக்கும் ஜூனியர் காலேஜ் (ஜேசி) முதலாம் ஆண்டிலேயே ஒருமுறை போய்வருவது நல்லது. மதிப்பெண் பதற்றம் இல்லாதபோதுதான் கேள்வி கேட்க வாய் வரும். முடிவு வந்தபின் ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் திரும்பப் போனால் போதும்.

தரவரிசையை வைத்து என்யுஎஸ்ஸையும் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) என்டியுவையும் (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. உள்ளே நுழையும் விதத்தில்தான் நிஜமான வேறுபாடு இருக்கிறது. என்யுஎஸ் 2021இல் அறிவியல் துறைகளையும் கலைத் துறைகளையும் ஒரே கல்லூரியின்கீழ் கொண்டுவந்தது. இயற்பியலோ வேதியியலோ படிக்க வருபவர் பெரும்பாலும் அந்தக் கல்லூரியில்தான் சேர்கிறார், முதன்மைப் பாடத்தைப் பிறகு அறிவிக்கிறார். பட்டத்துக்குரிய 160 யூனிட்டில் 52 பொதுப் பாடங்களுக்கு, 60 முதன்மைப் பாடத்துக்கு, மீதி 48 விருப்பத்துக்கு. கணிதமா இயற்பியலா என்று ஊசலாடுபவருக்கு இது வரப்பிரசாதம், இரண்டாவது முதன்மைப் பாடத்துக்கே அந்த 48இல் இடம் உண்டு. “எனக்கு வேதியியல் போதும், கட்டுரை எழுத வைக்காதீர்கள்” என்பவருக்கோ முதல் வருடம் கசக்கும்.

என்டியுவில் விண்ணப்பிக்கும்போதே பாடத்தைக் குறிப்பிட வேண்டும். அங்கேயும் பல்துறைப் பொதுப் பாடங்கள் உண்டு என்றாலும் முதல் நாளிலிருந்தே நீங்கள் இன்ன துறை மாணவர். மனம் மாறினால் மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம், இடம் கிடைக்குமா என்பது வேறு விஷயம். நிலநடுக்கம், எரிமலை, கடல்மட்டம் என்று புவியறிவியலில் நாட்டமுள்ளவர்கள் என்டியுவையே முதலில் பார்க்க வேண்டும். சுற்றுச்சூழலுக்கான ஆசியப் பள்ளியும் சிங்கப்பூர் பூமி ஆய்வகமும் ஒரே வளாகத்தில் இருப்பது அங்கேதான். உயிரினப் பன்மை, வகைப்பாடு என்று போகிறவர்களுக்கு என்யுஎஸ்ஸில் இருக்கும் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பெரிய பலம். கூட வரும் தம்பி தங்கைகளுக்கு அங்குள்ள மூன்று டைனோசர் எலும்புக்கூடுகளே போதும்.

எங்கே போனாலும் ஓப்பன் ஹவுஸ் தகவல் கூடாரத்தில் பத்து நிமிடத்துக்குமேல் நிற்காதீர்கள், ஆய்வுக்கூடச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுங்கள். இடங்கள் குறைவு, காலையிலேயே நிரம்பிவிடும். உள்ளே போனதும் வழிகாட்டி காட்டும் விலையுயர்ந்த கருவியை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் முன்பதிவுத் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் இளநிலை மாணவர்கள் பெயரும் இருக்கிறதா, முனைவர் பட்ட ஆய்வாளர்கள் மட்டும்தானா? பதிவு கணினியில் நடக்கிறது என்றால் வாய்விட்டே கேளுங்கள்: இந்தக் கருவியை எந்த ஆண்டில் எங்கள் கையால் இயக்குவோம்? “நான்காம் ஆண்டுத் திட்டத்தில்” என்பதற்கும் “இரண்டாம் ஆண்டுச் செய்முறையில்” என்பதற்கும் இரண்டு வருட வித்தியாசம். இதற்குச் சரியான பதில் மூன்றாமாண்டு மாணவரிடம் கிடைக்கும், பேராசிரியரிடம் அல்ல. என்யுஎஸ்ஸில் யுராப்ஸ், என்டியுவில் யுரேக்கா என்று இளநிலை மாணவர்களுக்கான ஆய்வுத் திட்டங்கள் உண்டு. மேற்பார்வையாளரை யார் தேடுவது, எத்தனை மாதம், கிரெடிட் உண்டா என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு பருவங்களின் மாதிரி அட்டவணையையும் வாங்கிக்கொள்ளுங்கள். இயற்பியலில் ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும் என்ற சங்கிலி நீளம். பொதுப் பாடங்களை முதலில் முடித்துவிடலாம் என்று சங்கிலியின் முதல் கண்ணியைத் தள்ளிப்போட்டால் பின்னால் வருவதெல்லாம் நழுவும். ஏ லெவலில் எச்2 என்ற முழுநிலைப் பாடமாக உயிரியல் எடுத்து இயற்பியலை விட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எந்தப் பாடத்துக்கு எந்த எச்2 கட்டாயம், இணைப்புப் பாடம் எடுத்து ஈடுகட்டலாமா என்பதை அந்தத் துறையிடமே கேளுங்கள், நுழைவாயில் தன்னார்வலரிடம் வேண்டாம்.

எஸ்யுடிடி (சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம்) விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. பெயரில் தொழில்நுட்பம் இருப்பதால் தூய அறிவியலும் இருக்கும் என்று நினைத்துப் போகிறார்கள். இயற்பியலிலோ வேதியியலிலோ அங்கே பட்டம் கிடையாது. முதல் மூன்று பருவங்கள் எல்லோருக்கும் பொது, சுமார் 50 பேர் கொண்ட ஒரே வகுப்பாக இருந்து கணிதமும் அறிவியலும் வடிவமைப்பும் படிப்பார்கள். அதன்பிறகு பொறியியல், கணினி, கட்டடக்கலை என்று பிரிவார்கள். மூன்றரை வருடத்தில் பட்டம், ஆண்டுக் கட்டணம் மற்ற இரண்டையும்விடக் கூடுதல். ஒன்றைக் கழற்றி மாட்டினால்தான் புரியும் என்கிற கை உங்களுக்கு இருந்தால் போங்கள், பொருள்களைச் செய்துபார்க்கும் ஃபேப்ரிகேஷன் கூடத்தில் நேரம் போவதே தெரியாது. ஏன் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் மூளை என்றால் அந்தச் சனிக்கிழமையை வேறெங்காவது செலவிடலாம்.

மதிப்பெண் விஷயம் சுருக்கமாக: என்யுஎஸ்ஸும் என்டியுவும் வெளியிடும் பட்டியலில், இடம் பெற்றவர்களின் மதிப்பெண்ணில் 10ஆவது, 90ஆவது சதமானங்கள் இருக்கும். 10ஆவது சதமானம் குறைந்தபட்சத் தகுதி அல்ல, இடம் பெற்றவர்களில் பத்தில் ஒருவர் அதற்கும் கீழே இருந்திருக்கிறார். 2026 சேர்க்கையிலிருந்து ஏ லெவல் மொத்த மதிப்பெண்ணின் உச்சம் 70 புள்ளி: மூன்று எச்2க்கு 60, பொதுத்தாளுக்கு 10. நான்காவது பாடமும் எச்1 (எச்2இல் பாதியளவு) நிலைத் தமிழும் மொத்தத்தை உயர்த்தினால் மட்டுமே சேரும். தமிழில் நல்ல கிரேடு வாங்குவது வீண் அல்ல, அது உங்களைக் கீழே இழுக்கவும் முடியாது. பாலிடெக்னிக் மாணவர்கள் டிப்ளோமா பாடங்களுக்கு எவ்வளவு விலக்கு கிடைக்கும் என்பதை முதல் கேள்வியாக வைக்கலாம்.

போகிற வழி. எஸ்யுடிடி அப்பர் சாங்கி எம்ஆர்டி ரயில் நிலைய வாசலிலேயே இருக்கிறது. என்டியுவுக்குப் பயனியர் நிலையத்தில் இறங்கி வளாகப் பேருந்து, அல்லது பூன் லேயிலிருந்து 179, 199 பேருந்துகள். என்யுஎஸ்ஸுக்குக் கென்ட் ரிட்ஜ் நிலையம். அங்கே யூனிவர்சிட்டி டவுன் விரைவுச்சாலைக்கு ஒருபுறம், அறிவியல் கட்டடங்கள் மறுபுறம். இரண்டுக்கும் நடுவே ஷட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தே பலர் ஆய்வுக்கூட நேரத்தைத் தவறவிடுகிறார்கள், அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். என்யுஎஸ்ஸையும் என்டியுவையும் சிரமப்பட்டு ஒரே நாளில் முடிக்கலாம். எஸ்யுடிடியையும் என்டியுவையும் சேர்த்துப் போடாதீர்கள்: ஒன்று தீவின் கிழக்கு ஓரம், மற்றது மேற்கு ஓரம்.