ஆழத்து பாஸ் மீனுக்கு எந்த ஃபிஷ் ஃபைண்டர்? குறைந்த விலைக் கருவிகள் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவுக்கு வடக்கே உள்ள லேனியர் ஏரியில், வசந்த காலத்தில் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கரையோரப் பாறைகளிலும் படகுத்துறை நிழலிலும் மீன் கிடக்கும். வெயில் ஏறி மேல்தண்ணீர் சூடாகிவிட்டால் அந்த ஏரியின் ஸ்பாட்டட் பாஸ் கரையை விட்டு விலகிவிடும். 20 முதல் 40 அடி ஆழத்தில், மூழ்கிய மேடுகளின் உச்சியிலும், மீனுக்காகவே போட்டு வைத்த கிளைக் குவியல்களின் மேலும் போய் நின்றுகொள்ளும். ஏரியோ சுமார் 38,000 ஏக்கர். ஒரு குவியல் அதிகம் போனால் ஒரு கார் அளவு இருக்கும்.

இதைத் தேடும் ஃபிஷ் ஃபைண்டருக்கு, அதாவது தண்ணீருக்குள் ஒலி அனுப்பி எதிரொலியைப் படமாகக் காட்டும் சோனார் கருவிக்கு, ஆயிரக்கணக்கில் டாலர் செலவழிக்க வேண்டும் என்று இப்போது பலரும் நம்பத் தொடங்கிவிட்டார்கள். வேண்டியதில்லை. கயாக்கோ சின்ன அலுமினியப் படகோ வைத்திருப்பவருக்கு அடிப்படைக் கருவியே போதும். ஆனால் எந்த அடிப்படைக் கருவி என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்கள் அந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை.

மூன்றை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, ஹம்மின்பேர்ட் பிரான்ஹாமேக்ஸ் 4. சோனார் மட்டும், ஜிபிஎஸ் கிடையாது. இரண்டாவது, கார்மின் ஸ்ட்ரைக்கர் 4. திரை அதைவிடச் சின்னது, ஆனால் ஜிபிஎஸ் உண்டு. இவை இரண்டும் ஏறத்தாழ ஒரே விலை வரிசையில் கிடைக்கும். மூன்றாவது, லிதுவேனியாவிலிருந்து வரும் டீப்பர் ப்ரோ பிளஸ். தூண்டில் நூலில் கட்டி எறிகிற பந்து, படம் கைபேசியில் வரும், விலை கூடுதல்.

என் தேர்வு ஸ்ட்ரைக்கர் 4. காரணம் படத்தின் அழகு இல்லை, ஜிபிஎஸ்.

ஆழத்தில் மீன் பிடிப்பது இரண்டு வேலை. ஒன்று இடத்தைக் கண்டுபிடிப்பது, மற்றொன்று அதே இடத்துக்குத் திரும்பி வருவது. கரையோரத்தில் இரண்டாவது வேலைக்கு மரமோ பாறையோ அடையாளமாக இருக்கும். நடு ஏரியில் எதுவும் இருக்காது. ஒரு குவியலைக் கடந்த பத்தாவது நொடியில் காற்று படகை நகர்த்தியிருக்கும். பிரான்ஹாமேக்ஸ் வைத்திருப்பவர் அந்த நொடியில் மிதவை ஒன்றைத் தூக்கிப் போட வேண்டும். டம்பெல் வடிவ மிதவை, நூல் சுற்றி அடியில் ஈயம் கட்டியது. ஜிபிஎஸ் வருவதற்கு முன் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள், நன்றாகவே மீன் பிடித்தார்கள். இன்றும் வேலை செய்யும். ஆனால் அடுத்த வாரம் வரும்போது மிதவை அங்கே இருக்காது. இருந்தால் ஏரியில் உள்ள எல்லோருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கும்.

ஸ்ட்ரைக்கரில் வரைபடம் கிடையாது, இடங்களைக் குறிக்கும் வெறும் புள்ளிகள்தான். ஆனால் புள்ளிகளின் எண்களை நாமே உள்ளிடலாம், இங்கேதான் அது தன் விலையைத் திருப்பித் தருகிறது. ஜார்ஜியா மாநில இயற்கை வளத் துறை தன் ஏரிகளில் போட்டு வைத்திருக்கும் மீன் ஈர்ப்பிடங்களின் (கிளைக் குவியல் போன்றவை) ஆயத்தொலைவுகளைப் பொதுவில் வெளியிடுகிறது, லேனியர் உட்பட. வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து அந்த எண்களைக் கருவியில் ஏற்றிக்கொண்டு போகலாம். ஜிபிஎஸ் சில மீட்டர் அருகே கொண்டுபோய் விடும், மீதியைச் சோனார் பார்த்துக்கொள்ளும். கைபேசியில் இதையே செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம்தான். ஆனால் ஈரக் கையோடு, உச்சி வெயிலில் மங்கிப்போன திரையில், சோனாரில் மீன் தெரிந்த அந்தக் கணத்தில் கைபேசியை எடுத்துத் தட்டுவதும், ஒரு பொத்தானை அழுத்துவதும் ஒன்றல்ல.

அடுத்தது கூம்பு. இதில்தான் விளம்பரங்கள் அதிகம் குழப்புகின்றன. ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகமான டிரான்ஸ்டியூசரிலிருந்து கிளம்பும் ஒலி டார்ச் வெளிச்சம் போலக் கீழே போகப் போக விரியும். ஸ்ட்ரைக்கரில் 200 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் கோணம் 15 டிகிரி, 77 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் 45 டிகிரி. 30 அடி ஆழத்தில் முதலாவது சுமார் 8 அடி வட்டத்தைப் பார்க்கிறது, இரண்டாவது 25 அடி வட்டத்தை. பிரான்ஹாமேக்ஸில் 28 டிகிரியும் 16 டிகிரியும். அதே ஆழத்தில் 15 அடி, எட்டரை அடி. டீப்பரின் அகலக் கூம்பு 55 டிகிரி, 30 அடியில் 31 அடி வட்டம். நிறுவனங்கள் கூம்பின் விளிம்பை ஒரே இடத்தில் வைத்து அளப்பதில்லை. ஆகவே இந்த எண்களை ஒரு கணக்காகத்தான் பார்க்க வேண்டும், போட்டியாக அல்ல.

அகலம் அதிகமானால் நல்லதுதானே என்று தோன்றும். தேடும்போது நல்லது, மீன் இருப்பதை உறுதிசெய்யும்போது கெட்டது. கருவிக்குத் தூரம் மட்டும்தான் தெரியும், திசை தெரியாது. 45 டிகிரி கூம்பின் ஓரத்தில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நிற்கும் பாஸ், கருவியிலிருந்து அளந்தால் தரையைவிடத் தள்ளி இருக்கிறது. எனவே அதன் எதிரொலி தரையின் எதிரொலிக்குள் புதைந்துபோகும். திரையில் மீனே இருக்காது. 15 டிகிரியில் இந்தக் குருட்டுப் பகுதி, சமதரையில், மூன்று அங்குலம்தான். கோடையில் தரையை ஒட்டிக் கிடக்கும் மீனைத் தேடுகிறவருக்கு இந்த ஒரு கணக்கு போதும்: மேட்டைத் தேடும் வரை அகலக் கூம்பு, மேட்டின் மேல் வந்த பிறகு குறுகிய கூம்பு.

சரிவில் நிலைமை இன்னும் மோசம். கூம்புக்குள் விழும் சரிவின் உயரமான பக்கம் முதலில் எதிரொலி தந்துவிடும், அதைத்தான் கருவி தரை என்று காட்டும். தாழ்ந்த பக்கத்தில் நிற்கும் மீன் அந்தக் கோட்டுக்கு அடியில் மறைந்துவிடும். லேனியரில் பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்புகள் நிறைய. 1950களில் புஃபர்ட் அணை சட்டாஹூச்சி ஆற்றைத் தடுப்பதற்கு முன் இது முழுக்கக் குன்றும் பள்ளத்தாக்கும்தான். இப்படிப்பட்ட இடத்தில் குறுகிய கூம்பை வைத்துக்கொண்டு, சரிவின் குறுக்கே இல்லாமல் அதன் நீளவாக்கில் மெதுவாகப் போய்ப் பாருங்கள். அப்போதுதான் தரைக்கோடு நம்பும்படி இருக்கும்.

இன்னொரு வித்தியாசம் சிர்ப். ஸ்ட்ரைக்கர் ஒரே அலைவரிசையை அனுப்பாமல், ஓர் எல்லைக்குள் அடங்கிய பல அலைவரிசைகளை அனுப்புகிறது. கிளையும் அதன் மேல் ஒட்டி நிற்கும் மீனும் ஒரே கறையாக ஆகிவிடாமல் தனித்தனியாகத் தெரிவதற்கு இது உதவும். பிரான்ஹாமேக்ஸில் இது இல்லை. வெறும் மேடுகளில் பெரிய வேறுபாடு தெரியாது. கிளைக் குவியலின் மேல் தெரியும்.

பிரான்ஹாமேக்ஸுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதன் திரை 4.3 அங்குலம், ஸ்ட்ரைக்கர் மூன்றரை. கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. ஆனால் மேலிருந்து கீழாக இரண்டுமே 480 புள்ளிகள்தான். 50 அடி ஆழத்தை அதில் நிரப்பினால் ஒரு புள்ளிக்கு ஒன்றேகால் அங்குலத் தண்ணீர். பெரிய திரை புதிதாக எதையும் காட்டுவதில்லை, அதையே பெரிதாகக் காட்டுகிறது. எந்தக் கருவியானாலும் ஆழ அளவைத் தானியங்கியில் விடாமல், அடிப் பகுதியை மட்டும் பெரிதாக்கும்படி வைத்தால் கிடைக்கும் பலன் இதைவிட அதிகம். ஸ்ட்ரைக்கர் நன்னீரில் 1,600 அடி வரை காட்டும் என்று பெட்டியில் இருக்கும். லேனியரின் அதிகபட்ச ஆழமே 160 அடியை ஒட்டித்தான். அந்த எண்ணுக்காக ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

டீப்பர் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. படகே இல்லாதவருக்கு இது வரம். கரையிலிருந்தோ துறையிலிருந்தோ எறிந்து இழுத்தால், எத்தனை அடியில் தரை உடைந்து விழுகிறது, எங்கே கல் எங்கே சேறு என்று தெரிந்துவிடும். கரையிலிருந்தே ஆழ வரைபடமும் தயாராகும், அதற்கான ஜிபிஎஸ் பந்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பந்து சுமார் 100 கிராம். பாஸ் தூண்டிலில் கட்டி எறியக்கூடாது. தடித்த கோல் தனியாக வேண்டும். கைபேசி பேட்டரி வேகமாகக் கரையும். முக்கியமாக, பந்து இருக்கும் இடமும் உங்கள் இரை இருக்கும் இடமும் வேறு வேறு. ஆழத்து பாஸ் பிடிப்பதில் மிகச் சிறந்த தருணமே அந்த இரண்டும் ஒன்றாக இருக்கும்போதுதான்.

படகின் டிரான்ஸ்டியூசருக்கு நேர் கீழே டிராப் ஷாட்டையோ (அடியில் ஈயம், அதற்கு மேலே கொக்கி) உலோக ஸ்பூன் இரையையோ இறக்கினால், திரையில் சாய்கோடாக இறங்குவதைப் பார்க்கலாம். 28 அடியில் நிற்கும் ஒரு கோடு, அதாவது மீன், மெல்ல எழுந்து உங்கள் இரையின் கோட்டை நெருங்கும். நூறு டாலர் கருவி தரும் இந்தக் காட்சிக்கு ஈடு கிடையாது. ஸ்ட்ரைக்கரில் ஃப்ளாஷர் முறையும் உண்டு. 1959-இல் லோரன்ஸ் நிறுவனம் விற்ற, மீன் தேடும் பச்சைப் பெட்டியின் வாரிசு. வரலாறு ஓடாமல் இந்தக் கணத்தை மட்டும் காட்டும், செங்குத்தாக மீன் பிடிப்பவருக்கு அது மிகத் தெளிவு. சாதாரணத் திரையில் வலது ஓரம் மட்டுமே இப்போது, மற்றதெல்லாம் கடந்துபோனது. இது புரிந்துவிட்டால் பாதி குழப்பம் தீரும்.

மீன் திரையில் வளைவாகத் தெரியும் விஷயமும் அப்படித்தான். மீன் கூம்பின் ஓரத்தில் நுழைந்து, நடுவை நெருங்கி, மறுபடி விலகும்போது தூரம் குறைந்து கூடுவதால் வளைவு வருகிறது. படகும் மீனும் அசையாமல் இருந்தால் நேர்க்கோடுதான் வரும். வளைவின் நீளம் மீன் எவ்வளவு நேரம் கூம்புக்குள் இருந்தது என்பதைச் சொல்லும், எடையை அல்ல. தடிமனையும் நிறத்தின் வலுவையும் பாருங்கள். மீன் பொம்மை காட்டும் வசதியை எந்தக் கருவியிலும் முதல் நாளே அணைத்துவிடுங்கள். கிளை நுனியையும் காற்றுக் குமிழியையும்கூட அது மீன் என்று காட்டும்.

அப்புறம் தெர்மோக்ளைன். வெதுவெதுப்பான மேல்தண்ணீரும் குளிர்ந்த அடித்தண்ணீரும் சந்திக்கும் எல்லை. உணர்திறனைக் கொஞ்சம் கூட்டினால் மூன்று கருவிகளிலும் மங்கலான பட்டையாகத் தெரியக்கூடும். பல ஏரிகளில் கோடை முற்றும்போது அதற்குக் கீழே ஆக்சிஜன் குறைந்துவிடுவதால், பட்டை 28 அடியில் இருந்தால் 45 அடி மேடுகளைத் தேடிப் பெட்ரோல் வீணாக்க வேண்டாம். பட்டை தரையைத் தொடும் இடங்களில் தொடங்குங்கள்.

படகுக்கு முன்னே இருப்பதை நேரலையாகக் காட்டும், முன்னோக்கிப் பார்க்கும் சோனாரையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018-இல் கார்மின் லைவ்ஸ்கோப் வந்த பிறகு தொழில்முறைப் போட்டிகளின் முகமே மாறியது, இப்போது போட்டிகள் அதற்குக் கட்டுப்பாடும் போடுகின்றன. அபாரமான கருவி. ஆனால் டிரான்ஸ்டியூசர் மட்டுமே ஆயிரம் டாலரைத் தாண்டும். ஒரே மேட்டில் நிலையாக நிற்கும் மீனுக்கு அது தேவையும் இல்லை.

நாம் திரையில் பார்ப்பது பெரும்பாலும் மீனின் காற்றுப்பையைத்தான். பாஸுக்கு அந்தப் பையிலிருந்து காற்றைச் சட்டென்று வெளியேற்ற வழி கிடையாது. 30 அடிக்கும் கீழேயிருந்து தூக்கினால் பை உப்பி, மீன் மல்லாந்துவிடக்கூடும். திருப்பி விடுவதாக இருந்தால் புகைப்படத்துக்கு நிறுத்தாமல் உடனே தண்ணீரில் விடுங்கள். 45 அடியில் கூட்டம் தெரிந்தால் அதை விட்டுவிட்டு 25 அடி குவியலுக்குப் போவதுதான் என் வழக்கம்.

ஆக, படகோ கயாக்கோ இருந்தால் ஸ்ட்ரைக்கர் 4. டிரான்ஸ்டியூசரைப் பிளாஸ்டிக் உடலின் உட்புறத்தில் காற்று புகாமல் ஒட்டிவிட்டாலே வேலை செய்யும், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு பகல் முழுக்கத் தாங்கும். கரையிலிருந்து மட்டும் எறிபவர் டீப்பர் வாங்கட்டும். ஒரே சிறிய ஏரியில், கரை எப்போதும் கண்ணில் படும் தூரத்தில் மீன் பிடிப்பவருக்குப் பிரான்ஹாமேக்ஸ் போதும், கூடவே இரண்டு மிதவை.