என்டெபே (உகண்டா) – கிகாலி (ருவாண்டா) – நைரோபி (கென்யா): ஒரே நாளில மூண்டு நாடு, ஒரே விசா (என்ர ரிவியூ)

ஆபிரிக்காவுக்குத் தனியப் போறன் எண்டு சொன்னா யாழ்ப்பாணத்தில முதல் கேள்வி "அங்க ஆர் இருக்கினம்?" எண்டுதான். ஒருத்தரும் இல்லை, சும்மா சுத்திப் பாக்கப் போறன் எண்டா ஒருமாதிரிப் பாப்பினம். அதை விடுங்கோ, இப்ப விசயத்துக்கு வாறன், ஏனெண்டா கனபேர் இன்பொக்ஸில கேக்கிறது விசாவைப் பற்றித்தான்.

கிழக்கு ஆபிரிக்கா ரூரிஸ்ற் விசா எண்டு ஒண்டு இருக்கு. 100 டொலர், 90 நாள், உகண்டா, ருவாண்டா, கென்யா மூண்டுக்கும் இது ஒண்டு காணும், அந்த மூண்டுக்குள்ள எத்தினை தரமும் போய் வரலாம். தன்சானியா இதுக்குள்ள இல்லை, சன்சிபார் போற ஐடியா இருந்தா அதுக்கு வேற விசா. தனித்தனிய எடுத்தா உகண்டா 50, கென்யா ஈரிஏ (வெளிக்கிட முதல் ஒன்லைனில எடுக்கிற அனுமதி) 30, ருவாண்டாவில எங்கட மாதிரிக் கொமன்வெல்த் நாட்டுப் பாஸ்போட்டுக்கு 30 நாள் வரைக்கும் விசாக் காசில்லை, அப்ப காசில மிச்சம் ஒண்டும் இல்லை, அதுக்காக எடுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். உண்மையான லாபம் என்னெண்டா ரண்டு பிளைற்றுக்கு நடுவில கிடைக்கிற நேரத்தில எயார்போட்டுக்குள்ள குந்திக்கொண்டிராம ஊருக்குள்ள போய் வரலாம், திரும்ப ஒரு விசாக் காசு கட்டத் தேவையில்லை. எங்கட பாஸ்போட்டோட இப்பிடி ஒரு சுதந்திரம் வேற எங்க கிடைக்குது சொல்லுங்கோ. எந்த நாட்டுக்குள்ள முதல் இறங்குறீங்களோ அந்த நாட்டின்ர சைற்றிலதான் போடோணும், நான் உகண்டாவில போட்டனான். விசாவுக்கு 5க்கு 5.

பிளைற்றுக்கு 3 தான் குடுப்பன். எந்தக் கொம்பனி எண்டு சொல்லேல்லை. கிகாலியில ஒரு முழுப்பகல் கிடைக்கும் எண்டு பாத்துத்தான் ரிக்கெற் எடுத்தனான், வெளிக்கிட முதல் ஒரு ஈமெயில், ரைம் மாத்தியாச்சாம், ஏன் எண்டு ஒரு வரி இல்லை, அரைநாள் போச்சு. கவுண்டரில நிண்ட தம்பி பாஸ்போட்டைப் பிரட்டிப் பிரட்டிப் பாத்து, ரிட்டேர்ண் ரிக்கெற் கேட்டு, ஹொட்டேல் புக்கிங் கேட்டு, பேந்து ஆரோ பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்து, எனக்குப் பின்னால நிண்ட வெள்ளைக்காரர் எல்லாம் பக்கத்து லைனால போயிட்டினம். எல்லாத்தையும் பிறின்ற் எடுத்து வைச்சிருங்கோ, போனில காட்டினா நம்புறாங்கள் இல்லை.

ஆனா யன்னல் சீற் எடுங்கோ கட்டாயம். என்டெபே ரன்வே விக்ரோறியா வாவிக்குப் பக்கத்திலயே கிடக்கு, பூமத்திய ரேகை அங்கயிருந்து கிட்டத்தட்ட அஞ்சு கிலோமீற்றர்தான், தெற்க போற பிளேன் ஏறின கையோட அதைத் தாண்டியிடும், ஒருத்தரும் அறிவிக்கமாட்டினம். கிகாலிக்கு ஒரு மணித்தியாலம் கூட இல்லை, அங்க மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்கு, அதால வெளிக்கிட்ட நேரத்துக்கே போய் இறங்கின மாதிரி இருக்கும்.

கிகாலியில கவனம், சொப்பிங் பாக் கொண்டு போகாதேங்கோ. 2008 இல இருந்து பொலித்தீன் பைக்குத் தடை, எயார்போட்டிலயே எடுத்துப்போடுவினம், எனக்கு முன்னால போன ஆளின்ர டியூட்டி ஃப்ரீ பையே போச்சு. எனக்கு இது தெரிஞ்சபடியா அம்மா கட்டித் தந்த பனங்கட்டியைக் குட்டானோட அப்பிடியே பாக்குக்குள்ள வைச்சனான். செக் பண்ணின அக்கா அந்த ஓலைக் குட்டானைக் கையில எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்து, மணந்து பாத்து, என்னெண்டு கேட்டா. பனையில வாற சீனி எண்டு சொன்னன், சிரிச்சுக்கொண்டு திருப்பித் தந்தா.

வெளியில வந்தா மோட்டச்சைக்கிள் ரக்சி, ஒராள்தான் ஏறலாம், பின்னால இருக்கிறவைக்கும் ஹெல்மெற் கட்டாயம். விலையை ஏற முதல் கதைச்சுக்கொள்ளுங்கோ. நான் நேர கிசோசியில இருக்கிற இனப்படுகொலை நினைவகத்துக்குப் போனனான். 1994 இல கொல்லப்பட்ட 250,000க்கு மேற்பட்ட ஆக்களை அங்கதான் அடக்கம் செய்திருக்கினம். உள்ள போகக் காசில்லை, ஓடியோ கைட்டுக்குத்தான் காசு. குடும்பங்கள் குடுத்த போட்டோக்களைத் தொங்கவிட்ட ஒரு அறை இருக்கு, கலியாணப் போட்டோ, பள்ளிக்கூடப் போட்டோ எண்டு. எங்கட ஊரில இருந்து போற ஆக்களுக்கு அதுக்குள்ள நிக்கிறது லேசில்லை, அவ்வளவுதான் சொல்லுவன். அரைநாளைப் பறிச்ச அந்தக் கொம்பனியில எனக்கு இன்னும் கோவம் இருக்கிறதுக்குக் காரணமும் இதுதான்.

பின்னேரம் நைரோபிப் பிளைற் ஒண்டரை மணித்தியாலம் மட்டில, காலம கிடைச்ச ஒரு மணித்தியாலத்தை அங்க திருப்பிக் குடுக்கோணும், இறங்க இருட்டியிடும். அங்க இமிகிறேசனில விசாவைப் பாத்து சீல் குத்தினதுதான், ஒரு கேள்வியும் இல்லை. கென்யாவிலயும் 2017 இல இருந்து பொலித்தீன் பைக்குத் தடை. திரும்பி வெளிக்கிடேக்க நேரத்தோட போங்கோ, எயார்போட்டுக்கு முன்னாலயே ரக்சியால இறக்கி, செக் பண்ணித்தான் விடுவினம்.

ரிக்கெற் விலை தூரத்துக்குப் பாத்தா கூடத்தான். காசு மிச்சம் பிடிக்கோணும் எண்டா கம்பாலாவில இருந்து கிகாலிக்கு இரவு பஸ் இருக்கு, கட்டுனா எண்ட எல்லையில இறங்கி நடந்து சீல் குத்தோணும். தனியப் போற பொம்பிளைப் பிள்ளையள் எண்டா நான் பிளைற்றைத்தான் சொல்லுவன்.

முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் ஊசி, அந்த ஊசி போட்ட காட்டை (சேர்ட்டிபிகேற்) அப்லோட் பண்ணாம உகண்டா விசாவே போடேலாது. நான் பொரளை எம்ஆர்ஐயில (மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) போட்டனான். பயணத்துக்குக் குறைஞ்சது 10 நாளுக்கு முதல் போட்டிருக்கோணும், 2016 இல மாத்தின விதிப்படி ஒருக்காப் போட்டா ஆயுளுக்கும் காணும். காட்டைத் துலைச்சுப்போடாதேங்கோ, திரும்பி வரேக்க கட்டுநாயக்காவிலயும் அது வேணும்.