நாட்டுக்கோழிக் குஞ்சு சேவலா பெட்டையா, என்ன நிறம் வரும்: எந்த வழி எந்தக் கோழிக்குச் சரிப்படும்?

சிறுவிடை, அசீல், கடக்நாத் என எந்த நாட்டு இனம் வளர்ப்பவரும் குஞ்சு பொரித்த அன்றே இரண்டு கேள்வி கேட்பார். இதில் பெட்டை எத்தனை? வளர்ந்தால் என்ன நிறம்? பதில் சொல்ல ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். சில வழிகள் உண்மையிலேயே வேலை செய்யும், சில பெரிய பண்ணைகளின் கலப்பினத்துக்கு மட்டும் செல்லும், சில எதற்குமே உதவாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலப்பில்லாத நாட்டுக்கோழிக் குஞ்சை முதல் நாளிலேயே பிரிக்க வீட்டில் வளர்ப்பவருக்கு நம்பகமான வழி இல்லை, ஐந்தாறு வாரம் பொறுத்துக் கொண்டையையும் நெஞ்சு இறகையும் சேர்த்துப் பார்ப்பதுதான் சரி.

முதலில் தள்ளிவிட வேண்டியவை. கூர் முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பது ஊர் ஊராகச் சொல்லப்படுகிறது. கோழியில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயின் கருமுட்டையிலேயே முடிவாகிவிடும், ஓடு அதற்குப் பிறகுதான் மேலே படிகிறது. ஒரே பெட்டை ஏறக்குறைய ஒரே வடிவத்தில்தான் முட்டை இட்டுக்கொண்டிருக்கும், ஆனால் அதன் குஞ்சுகளில் இரண்டும் கலந்தே வருகின்றன, அதைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் துள்ளுவது சேவல், தொங்குவது பெட்டை என்பதும் அப்படித்தான். குஞ்சுக்கு வீண் அவஸ்தை.

அடுத்து, முதல் நாளில் செய்யும் இரண்டு தொழில்முறை வழிகள். ஒன்று இறக்கையைப் பார்ப்பது, இன்னொன்று பின்புறத்தைப் பிதுக்கிப் பார்ப்பது. இறக்கையை விசிறியாக விரித்தால் இரண்டு வரிசை இறகுக் குருத்துகள் தெரியும். கீழ் வரிசை நீளமாகவும் மேல் வரிசை குட்டையாகவும் இருந்தால் பெட்டை, இரண்டும் ஒரே நீளமாகவோ மேல் வரிசை நீண்டோ இருந்தால் சேவல் என்பார்கள். பார்க்க எவ்வளவு சுலபம்! ஆனால் இது செல்லுபடியாக, தாய்க்கோழி மெதுவாக இறகு முளைக்கும் வகையாகவும் தந்தைச் சேவல் வேகமாக முளைக்கும் வகையாகவும் இருக்க வேண்டும், அப்படித் திட்டமிட்டுச் சேர்த்த பண்ணை இனங்களுக்குத்தான் இந்த முறை. நம் தெருவில் மேயும் சிறுவிடையில் அப்படி எந்த ஒழுங்கும் கிடையாது, இறக்கை இறகு முளைக்கும் வேகத்தை வைத்து ஒரே ஈட்டுக் குஞ்சுகளில் சேவல் எது, பெட்டை எது என்று பிரிக்க முடியாது. சரியான இனத்திலேயே முதல் இரண்டு மூன்று நாளைக்குள் பார்த்துவிட வேண்டும், அப்புறம் வித்தியாசம் மறைந்துவிடும். காணொளியில் பார்த்துவிட்டு நாட்டுக்கோழிக் குஞ்சின் இறக்கையை விரிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: விட்டுவிடுங்கள்.

பிதுக்கிப் பார்க்கும் முறை ஜப்பானியர்கள் 1920களில் உருவாக்கியது, மசுயி, ஹஷிமோட்டோ என்ற ஆய்வாளர்களின் பெயர் இதில் முக்கியம். எச்சத்தை வெளியேற்றி, எச்சத் துவாரத்தை மெல்லத் திருப்பி, உள்ளே கடுகளவு கூட இல்லாத ஒரு மேடு இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இது எந்த இனத்துக்கும் பொருந்தும் என்பது இதன் பெரிய பலம், இறக்கை முறையைவிட இதை நான் மேலே வைப்பதும் அதனால்தான். ஆனால் சில பெட்டைகளுக்கும் அந்த மேடு கொஞ்சம் இருக்கும், அதன் வடிவத்தையும் விறைப்பையும் பிரித்தறியக் கண் பழக வேண்டும். தேர்ந்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சரியாகச் சொல்வார்கள். பழக்கமில்லாத கை அழுத்தினால் குடல் பிதுங்கிக் குஞ்சு செத்துப்போகும். பத்து இருபது குஞ்சு வைத்திருப்பவர் இதை முயலவே வேண்டாம்.

நிறத்தை வைத்துப் பிரிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, குழப்பமும் இங்கேதான் அதிகம். நிறம் தரும் சில மரபணுக்கள் பாலை முடிவுசெய்யும் குரோமோசோமிலேயே இருக்கின்றன. பெட்டைக் குஞ்சு இந்த வகை மரபணுவைத் தந்தையிடமிருந்து மட்டுமே வாங்கும், சேவல் குஞ்சு இருவரிடமிருந்தும் வாங்கும். இந்தக் கணக்கு தெரிந்தால் சரியான ஜோடியைச் சேர்த்து முதல் நாளே நிறம் பார்த்துச் சொல்லலாம். நம் ஊரில் கைக்கு எட்டும் ஜோடி ஒன்று உண்டு: தோலும் கறுத்திருக்கும் கடக்நாத் சேவல், மஞ்சள் அல்லது வெள்ளைக் கால் நாட்டுப் பெட்டை. அந்தப் பெட்டையிடம் தோலில் கறுப்பு படியாமல் தடுக்கும் மரபணு இருக்கும், அதை அது மகன்களுக்கு மட்டுமே கொடுக்கும். அதனால் பெட்டைக் குஞ்சுகள் கறுத்த காலும் கறுத்த முகமுமாக வரும், சேவல் குஞ்சுகள் தோல் வெளிறி வரும். 1911லேயே மரபியல் ஆய்வாளர்கள் பேட்சனும் புன்னெட்டும், கடக்நாத் போலவே தோல் கறுத்த சில்க்கி இனச் சேவலைப் பிரவுன் லெகார்ன் இனப் பெட்டையோடு சேர்த்து இதைக் காட்டிவிட்டார்கள். ஜோடியைத் திருப்பிப் போட்டால், அதாவது கடக்நாத் பெட்டைக்கு மஞ்சள் கால் சேவல் என்றால், பெரும்பாலும் இரண்டு பாலும் வெளிறியே வரும், பயனில்லை. பெட்டையின் கால் கறுப்பாகவோ பச்சை ஓடியோ இருந்தாலும் பயனில்லை, எல்லாக் குஞ்சும் கறுக்கும். சிறுவிடையில் அப்படிப்பட்ட கால்கள் நிறைய, ஆகவே தாயின் காலைப் பார்க்காமல் "கறுத்தது எல்லாம் பெட்டை" என்று விற்பவரை நம்ப முடியாது.

கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடிய பெட்டைக்கு வரியில்லாத கறுப்பு அல்லது சிவப்புச் சேவலைச் சேர்த்தாலும் இதே போல ஆகும். கறுத்த குஞ்சுகளில் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருப்பது சேவல், இல்லாதது பெட்டை. இரண்டு ஜோடிகளுக்கும் ஒரே எல்லைதான், முதல் தலைமுறையோடு சரி. அந்தக் குஞ்சுகளையே வளர்த்துத் தமக்குள் சேர்த்தால் அடுத்த ஈட்டில் நிறமும் பாலும் கலைந்துபோகும். இனத்தைச் சுத்தமாக வைத்திருக்க நினைப்பவர் கலப்பில் இறங்கவே மாட்டார் என்பதால் அவருக்கு இந்த வழி எப்படியும் இல்லை.

இனி, கலக்காத குஞ்சின் நிறத்தை வைத்து வளர்ந்த நிறத்தைச் சொல்ல முடியுமா? ஓரளவுக்கு. கறுத்த குஞ்சின் வயிற்றிலும் இறக்கை நுனியிலும் வெள்ளை இருந்தால் பலர் கலப்பு என்று கழித்துவிடுகிறார்கள், இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. முழுக் கறுப்பாக வளரும் கோழிகளே குஞ்சில் அப்படித்தான் இருக்கும், இறகு மாறும்போது வெள்ளை போய்விடும். கடக்நாத் குஞ்சு நீலம் கலந்த கறுப்பில், முதுகில் ஒழுங்கில்லாத கருங்கோடுகளோடு வரும். அங்கே இறகைவிட நாக்கும் வாயின் உட்புறமும் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். முதுகில் அணில் மாதிரி கோடு போட்ட குஞ்சு காட்டுக்கோழிச் சாயலுக்குப் போகும்: பெட்டை பழுப்பு, சேவல் கறுத்த நெஞ்சும் சிவந்த முதுகும். கண்ணருகே கோடு தெளிவாக இருந்தால் பெட்டை, மங்கியிருந்தால் சேவல் என்பது சில வெளிநாட்டு இனங்களில் நன்றாகச் செல்லும், நம் கலவையான கூட்டத்தில் அதை ஊகமாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஏமாற்று வெளிர் மஞ்சள் குஞ்சில்தான். அது வெள்ளைக் கோழியாகவும் வரலாம், கோதுமை நிறப் பெட்டையாகவும் வரலாம், கறுத்த நெஞ்சுச் செவலைச் சேவலாகவும் வரலாம். அசீலில் யாகுத், நூரி, காகர், பீலா என்று பெயர் வைத்து ஒரு நாள் குஞ்சுக்கே விலை சொல்கிறார்கள். நூரி வெள்ளை, யாகுத் கறுப்பும் சிவப்பும், இரண்டுக்கும் குஞ்சு வெளிறியே இருக்கக்கூடும் என்கிறபோது அந்த விலையைத் தாய் தந்தையைக் கண்ணால் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

ஐந்தாறு வாரத்தில் நிலைமை மாறிவிடும். கத்திப்பூ, அதாவது ஒற்றை வரியாக நிமிர்ந்த கொண்டை, வைத்த சிறுவிடை என்றால் கொண்டையே போதும். சேவல் குஞ்சில் அது உயர்ந்து, அடி தடித்து, சிவப்பு ஏறியிருக்கும், பெட்டையில் தாழ்ந்து வெளிர் மஞ்சளாகவே கிடக்கும். வயது ஒன்றாக உள்ள குஞ்சுகளை அருகருகே வைத்துப் பாருங்கள், தனியாக ஒன்றைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். அசீலுக்கு மூன்று வரியாக அமுங்கிய பட்டாணிக் கொண்டை, ஆகவே உயரத்தைப் பார்க்காமல் நடு வரியின் அகலத்தையும் நிறத்தையும் பாருங்கள், அதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். அந்த இனத்தில் நெஞ்சு இறகே எனக்கு மேல். வெளிறிய குஞ்சாகப் பிறந்ததன் நெஞ்சில் கறுப்பு இறகு குத்திட்டு வந்தால் சேவல், கோதுமை நிறத்திலேயே நின்றால் பெட்டை. கடக்நாத்தில் கொண்டையே கருநீலம், சிவப்பைத் தேடிப் பயனில்லை, அளவு மட்டும்தான் துணை. முழுக் கறுப்பு வகையில் இறகு நிறமும் கைகொடுக்காது என்பதால் பத்துப் பன்னிரண்டு வாரம் பொறுத்து, வாலுக்கு முன்னால் இடுப்பில் விழும் இறகுகளைப் பிரித்துப் பாருங்கள். நுனி கூர்ந்து பளபளவென்று தொங்கினால் சேவல், வட்டமாக முடிந்தால் பெட்டை. இந்த அடையாளம் பெரும்பாலான இனங்களில் தவறாது.

அதற்கு முன் உறுதி வேண்டும் என்பவருக்கு இறகு வேரையோ ஒரு துளி இரத்தத்தையோ வைத்துச் செய்யும் மரபணுச் சோதனை உண்டு, முதல் வாரத்திலேயே செய்யலாம். இனவிருத்திக்கென்று ஒதுக்கும் ஒன்றிரண்டு குஞ்சுக்கு அது நியாயம். மற்றவற்றுக்கு, பொரித்த அன்று நிறத்தைப் படம் எடுத்து, காலில் வண்ண வளையம் மாட்டி, மூன்றாம் வாரமும் ஆறாம் வாரமும் மறுபடி படம் எடுத்து வையுங்கள். பெட்டைதான் வேண்டும் என்று காசு கொடுத்து வாங்குகிறவர் ஒரு நாள் குஞ்சுக்குப் பதில் ஆறு முதல் எட்டு வாரக் குஞ்சாகவே (கடக்நாத் என்றால் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் இடுப்பு இறகைப் பார்த்து) வாங்கட்டும், அதுவும் ஒரே நாளில் பொரித்த கூட்டத்தை மொத்தமாகத் திறந்துவிடச் சொல்லி, கொண்டை வெளிறியதைத் தானே பொறுக்கி எடுக்கட்டும்.