மண்ணிடம் யார் கேட்பது: ரோபோவா, டிரோனா, புதைத்த புனலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு அருகே, வெருலம் மேட்டில் மாமாவின் தோட்டம் ஒன்றே கால் ஏக்கர். காலையில் ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் அழுத்துவார். உருண்டை நின்றால் அன்று தண்ணீர் கிடையாது. உதிர்ந்தால் மோட்டாரைப் போடுவார். நாற்பது ஆண்டுகளாக இந்த ஒரே கருவியை வைத்துக்கொண்டு பீன்ஸ், கத்தரி, கொத்தமல்லி, மடும்பி எல்லாம் விளைத்து டர்பன் சந்தைக்கு அனுப்பியவர். மடும்பி என்று இங்கே நாங்கள் சொல்வது சேப்பங்கிழங்கைத்தான். ஜூலு மக்களின் அமடும்பி எங்கள் வாயில் அப்படித் தேய்ந்துவிட்டது.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் பக்கத்து ஊரான டோங்காட்டின் குடிநீர் நிலையம் சேதமடைந்து, அங்கே மாதக்கணக்கில் குழாயில் நீர் வரவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்தில் சுத்திகரித்த கழிவுநீரைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். குடியிருப்பு வளாகம் ஒன்றின் சுத்திகரிப்பு நீரை எடுத்துக்கொள்கிறீர்களா என்று மாமாவிடமும் கேட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார். “மருமகனே, நீதானே ஆலையில் மீட்டர் வேலை பார்த்தவன். இந்தத் தண்ணீருக்கு என் கை போதுமா, இல்லை ஏதாவது கருவி வாங்க வேண்டுமா?”

கை போதாது. உள்ளங்கைக்கு ஈரம் தெரியும், உப்பு தெரியாது. உப்பு கண்ணுக்குத் தெரிகிற நாளில் பாத்தி ஓரத்தில் வெள்ளை படிந்திருக்கும். பீன்ஸ் இலையின் விளிம்பும் கருகியிருக்கும்.

முதலில் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று பார்த்தேன். தென்னாப்பிரிக்காவின் 1998 தேசிய நீர்ச் சட்டத்தின் கீழ் உள்ள பொது அனுமதி, ஒரு நாளைக்கு 2,000 கனமீட்டர் வரை கழிவுநீரைப் பாய்ச்ச விடுகிறது. அந்த நீரின் மின்கடத்துதிறன் அதிகபட்சம் மீட்டருக்கு 150 மில்லிசீமென்ஸ் இருக்கலாம். உப்பு ஏற ஏற இந்த எண் ஏறும். உலக உணவு வேளாண்மை அமைப்பின் பழைய பட்டியலோடு இதை ஒப்பிட்டால் சிரிப்பு வரும். பீன்ஸ் முழு விளைச்சல் தர வேண்டுமானால் நீரில் இந்த எண் 70-ஐத் தாண்டக் கூடாது. 150 ஆனால் கால் பங்கு விளைச்சல் போய்விடும். பீட்ரூட்டோ 270 வரை அசையாது. ஆக, சட்டப்படி குற்றமற்ற நீர் பீன்ஸைக் கெடுக்கும், பீட்ரூட்டை ஒன்றும் செய்யாது. எந்தக் கருவி வாங்குவது என்பதற்கு முன்பே எந்தச் செடி என்ற கேள்வி வந்து நின்றுவிட்டது. அதைப் பிறகு பார்க்கலாம்.

போட்டியில் இருப்பவை நான்கு: மண்ணில் நிரந்தரமாகப் புதைக்கும் மின் உணரி, மேலே பறக்கும் டிரோன், பாத்திகளுக்கு இடையே ஓடும் ரோபோ, மின்சாரமே இல்லாத ஒரு பிளாஸ்டிக் புனல்.

மின் உணரியை முதலில் தள்ளிவைத்தேன். ஆலையில் இதன் உறவினர்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் நான். விலை மலிவான வகைகள் மண்ணின் மின்தேக்குத் தன்மையை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனை, அளந்து, அதிலிருந்து ஈரத்தைக் கணக்கிடுகின்றன. குறைந்த அதிர்வெண்ணில் வேலை செய்யும் கருவியானால் மண்ணில் உப்பு ஏறியதும் அது குழம்பிவிடும். உப்பையும் ஈரமாக எண்ணி, இருப்பதைவிட அதிக ஈரம் காட்டும். ஆற்றுநீருக்கு இது பெரிய குறை இல்லை. கழிவுநீர்த் தோட்டத்தில், எதைக் கண்காணிக்க வாங்கினோமோ அதுவே கருவியை ஏமாற்றுகிறது. உயர் அதிர்வெண்ணில் இயங்கும் நல்ல வகை இந்த வலையில் அவ்வளவு எளிதில் விழாது, ஆனால் விலை அதிகம். தவிர, செம்புக் கம்பி மண்ணில் கிடக்கிறது என்று தெரிந்தால் எங்கள் ஊரில் அது எத்தனை இரவு தங்கும் என்பது வேறு கணக்கு.

டிரோனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெப்பக் கேமரா இலையின் சூட்டைப் பார்க்கும். நீர் போதாத செடி வியர்க்காது, அதனால் சூடாகத் தெரியும். நூற்றுக்கணக்கான ஏக்கர் கரும்புக்கு இது அருமை. ஆனால் இலையில் தெரிவது, வேரில் நடந்து முடிந்த கதை. கிங் ஷாக்கா விமான நிலையம் வெருலத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 2015-இல் வந்த டிரோன் விதிகளின்படி அந்த எல்லைக்குள் சிறப்பு அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. ஒன்றே கால் ஏக்கர் கத்தரிக்காக அந்த அலுவலகத்தின் படியேற எனக்குத் தெம்பில்லை.

ரோபோவைத்தான் ஆசையோடு படித்தேன், ஒளிக்கவில்லை. நிலத்தில் புதைத்த உணரி தன் காலடியைப் பற்றி மட்டும் பேசும்; ரோபோ தோட்டம் முழுவதையும் பற்றிப் பேசும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் தோர்வால்ட் என்னும் நான்கு சக்கர ரோபோவின் மேல் காஸ்மிக் கதிர் உணரியைப் பொருத்தி மண் ஈர வரைபடம் தயாரித்தார்கள். வானிலிருந்து வரும் கதிர்கள் மண்ணில் நியூட்ரான்களைக் கிளப்புகின்றன, நீரிலுள்ள ஹைட்ரஜன் அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது. மேலே தப்பி வருகிற வேகம் குறையாத நியூட்ரான்களை எண்ணினால் ஈரம் தெரிந்துவிடும். தோண்டத் தேவையில்லை. அடுத்து எங்கே போய் அளப்பது என்பதையும் ரோபோ தானே முடிவு செய்கிறது. எங்கே தன் கணக்கு உறுதியாக இல்லையோ அங்கே போகிறது. அந்தக் கணக்கு முறையின் பெயர் கிரிகிங். பெயருக்குரியவர் டேனி கிரிக், நம் நாட்டுச் சுரங்கப் பொறியாளர். சில துளைகளில் கிடைத்த தங்க அளவை வைத்து, துளையிடாத இடத்தில் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட, 1951-இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய ஆய்வே அதற்கு அடித்தளம். ஜோகன்னஸ்பர்க் தங்கத்துக்குப் பிறந்த கணக்கு இங்கிலாந்துப் பண்ணை மண்ணைச் சுற்றிவந்ததை மாமாவிடம் சொன்னேன். “அங்கே தங்கம் இருந்தது, ரோபோ வாங்கினார்கள்” என்றார்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சில வளாகங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு இன்னும் ஒரு படி முன்னே போனது. டிரோன் மேலிருந்து பார்த்துச் சொல்ல, கீழே ஆளோ ரோபோவோ சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவாய் ஒவ்வொன்றையும் தனித்தனியே திருகி அளவு மாற்றுவது அதன் திட்டம். கழிவுநீருக்கு இதில் ஒரு தனிப் பயன் இருப்பதாக நினைக்கிறேன். அந்த நீர் சொட்டுக்குழாயின் உள்ளே வழுவழுப்பான பாசி போன்ற படலத்தைப் படியவிட்டு, சொட்டுவாயை அடைத்துவிடும். அடைபட்டது எது என்று தேடுவதே பாதி வேலை. ஐம்பது ஏக்கர்த் தோப்பில் அதை ரோபோ கண்டுபிடித்தால் கும்பிட்டு வாங்கலாம். மாமாவின் தோட்டத்தில் அதை அவருடைய கால்கள் தினமும் கண்டுபிடிக்கின்றன.

ஆனால் ரோபோவின் மேல் என் குறை பரப்பளவு அல்ல. உப்பை அளக்க அது இழுத்துச் செல்லும் மின்காந்தக் கருவி, மண்ணின் மொத்த மின்கடத்துதிறனை ஒரே எண்ணாகத் தருகிறது. அந்த எண்ணுக்குள் உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, களிமண்ணின் அளவு இருக்கிறது, நைட்ரேட் என்னும் கரைந்த நைட்ரஜன் உரமும் இருக்கிறது. கம்பி வேலி பக்கத்தில் போனால் வேலியும் இருக்கிறது. கழிவுநீர் விவசாயிக்கு இவற்றைப் பிரித்துச் சொல்வதே தேவை. ஏனென்று சொல்கிறேன்.

கழிவுநீரில் வருவது உப்பு மட்டுமல்ல, உரமும் வருகிறது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரஜன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருவத்தில் 500 மில்லிமீட்டர் நீர் பாய்ச்சினால் ஹெக்டேருக்கு 5,000 கனமீட்டர். அதில் 250 கிலோ நைட்ரஜன் இறங்கிவிடும். மூட்டை வாங்காமலே மூட்டை வந்து சேர்கிறது. இப்போது சிக்கலைப் பாருங்கள். உப்பை வேருக்குக் கீழே தள்ளக் கூடுதலாக நீர் விட வேண்டும். அப்படி விட்டால் நைட்ரேட்டும் கூடவே இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும். விடாமல் இருந்தால் உரம் தங்கும், உப்பும் தங்கும். வெளியே போக வேண்டியதும் உள்ளே இருக்க வேண்டியதும் ஒரே வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. எவ்வளவு ஈரம் என்ற எண் இங்கே பாதி விடைகூட இல்லை. எவ்வளவு ஆழம் போனது, போனபோது எதை எடுத்துப் போனது என்று தெரிய வேண்டும்.

அங்கேதான் அந்தப் புனல் மற்ற மூன்றையும் முந்துகிறது. ஃபுல்ஸ்டாப் என்று அதற்குப் பெயர். ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டிர்சேக்கர் உருவாக்கியது. தென்னாப்பிரிக்கத் தோட்டங்களில் நிறைய சோதிக்கப்பட்டது. ஒரு சாண் அகலப் புனலை வேர் மட்டத்தில் புதைக்கிறீர்கள். பாய்ச்சிய நீர் மண்ணில் இறங்கி அந்த ஆழத்தை எட்டும்போது புனலின் குறுகிய அடியில் சொட்டு சேர்ந்து, உள்ளே இருக்கும் மிதவை எழுந்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைத் தூக்கிவிடும். பிறகு நீங்கள் அமுக்கும்வரை குச்சி அப்படியே நிற்கும். ஒன்றை மேலாகவும் ஒன்றை ஆழமாகவும் புதைப்பார்கள். மேல் குச்சி மட்டும் எழுந்தால் நீர் போதும். இரண்டும் ஒவ்வொரு முறையும் எழுந்தால் உரத்தைப் பாதாளத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஆழக் குச்சி பருவம் முழுவதும் எழவே இல்லை என்றால் உப்பு சேர்ந்துகொண்டிருக்கிறது.

இதோடு முடியவில்லை. புனலில் சிறிது நீர் தங்கிவிடும். மெல்லிய குழாய் வழியே ஊசிக்குழலால் உறிஞ்சி எடுக்கலாம். அது வேர் குடித்த அதே நீர். அதில் நைட்ரேட் காகிதப் பட்டையை நனைத்தால் நிறம் சொல்லும். சட்டைப்பைக் கடத்துதிறன் மீட்டரை வைத்தால் உப்பு சொல்லும். தனித்தனியாக இரண்டு எண்கள். ரோபோவால் பிரிக்க முடியாததை ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் பிரித்துக் கொடுக்கிறது. இதற்கு மின்கலம் ஏற்ற வேண்டியதும் இல்லை.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. மெதுவாகக் கசிந்து இறங்கும் ஈரத்தை இது பிடிக்காது. பாய்ச்சல் முடிந்து இரண்டு நாள் கழித்து நீர் சொட்டுச் சொட்டாகக் கீழே போனாலும் குச்சி அசையாமல் நிற்கும். புதைக்கும்போது மண்ணைக் கலைக்கிறோம்; அது அடங்கும்வரை முதல் சில வாரக் கணக்கை நம்பக் கூடாது. இரண்டே இரண்டு இடங்களைப் பற்றித்தான் பேசும். மாமா முதல் வாரம் குச்சியைத் திரும்ப அமுக்க மறந்துவிட்டு, தினமும் நீர் கீழே போவதாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

இந்த நான்கில் ஒன்றாலும் பார்க்க முடியாத ஒன்று இருக்கிறது: கிருமி. நாளொன்றுக்கு 2,000 கனமீட்டர் வரையிலான அனுமதியில் 100 மில்லிலிட்டருக்கு 1,000 மலக்கிருமிகள் வரை இருக்கலாம். 500 கனமீட்டருக்குள் என்றால் ஒரு லட்சம். ஆய்வகத்தில் வளர்த்து எண்ணிச் சொல்லவே ஒரு நாள் ஆகும். ரோபோ எத்தனை சுற்று வந்தாலும் ஈ.கோலை என்னும் மலக்கிருமி அதற்குத் தெரியப்போவதில்லை. இங்கே காப்பது பயிரும் அடுப்பும்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டியில் இதற்குக் கணக்கு இருக்கிறது. தரையோடு வளரும் பயிருக்குச் சொட்டுநீர் விட்டால் நுண்ணுயிர் ஆபத்து நூறில் ஒரு பங்காகக் குறையும்; உயரமாகக் காய்ப்பதற்கு விட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்காகும்; தோல் உரித்தால் இன்னொரு நூறு மடங்கு குறையும்; சமைத்தால் குறைந்தபட்சம் பத்து லட்சம் மடங்கு குறையும்.

டர்பனின் நியூலேண்ட்ஸ் மாஷு ஆய்வுத் தளத்தில் இதை யோசித்தே செடி தேர்ந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. எண்பதுக்கு மேற்பட்ட வீடுகளின் கழிவுநீரைப் பெரும்பாலும் காற்றில்லாத் தொட்டிகளிலேயே தெளியவைத்து, க்வாசுலு-நடால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பாய்ச்சியது வாழைக்கும் மடும்பிக்கும். ஒன்று உயரத்தில் தோலுக்குள் காய்க்கிறது, மற்றது வேகவைக்காமல் வாயில் வைக்க முடியாதது. இரண்டும் நீரையும் நைட்ரஜனையும் அண்டா அண்டாவாகக் குடிப்பவை. எங்கள் பாட்டிமார் கொல்லையில் கழுவுநீர் போகும் வாய்க்கால் ஓரத்தில் நட்டதும் இவை இரண்டையும்தான்.

இன்னொரு விதியும் கண்ணில் பட்டது. நூறாண்டு வெள்ளக் கோட்டுக்கு, அதாவது நூறாண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய பெருவெள்ளம் எட்டும் கோட்டுக்கு, மேலேதான் இந்த நீரைப் பாய்ச்சலாம். அல்லது நீர்நிலை விளிம்பிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால்; இரண்டில் எது அதிகத் தூரமோ அது. ஒப்பந்தக் கூலி முடிந்து வெளியே வந்த நம் முன்னோரில் பலர் காய்கறி போட்டது உம்கேனி ஆற்றின் கரைச் சமவெளியில். 1917 வெள்ளம் அந்தக் குடியிருப்புகளை அடித்துக்கொண்டு போனது. அந்த நிலம் இன்று கையில் இருந்தாலும் இந்த விதிக்குள் அடங்குமா என்பது சந்தேகம்தான். மாமாவின் மேடு தப்பித்தது.

கொத்தமல்லிதான் சண்டையில் முடிந்தது. வாரா வாரம் கையில் காசு தருவது அது. தரையோடு வளர்வதும் பச்சையாகத் தின்பதும் அதுவே. “கழுவித்தானே போடுகிறார்கள்” என்றார் மாமா. கழுவினால் பத்தில் ஒரு பங்காகும், அவ்வளவுதான் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது மேல்பாதியில் பழைய குழாய்நீரில் கொத்தமல்லியும் பீன்ஸும் நிற்கின்றன. கீழ்ப்பாதியில் மடும்பி, வாழை, ஓரமாகப் பீட்ரூட்; அங்கே மட்டும் வளாகத்து நீர். மடும்பிப் பாத்தியில் இரண்டு புனல்கள், வாழையடியில் இரண்டு. பக்கத்துத் தோட்டக்காரர் நாலைந்து பேர் சேர்ந்தால், பருவத்துக்கு ஒரு முறை யாரையாவது வாடகைக்கு அழைத்து மின்காந்தக் கருவியால் மொத்த மேட்டையும் ஒரு சுற்று பார்க்கச் சொல்லலாம். புனலை எந்த மூலையில் புதைப்பது என்று அது காட்டிக்கொடுக்கும். ரோபோதான் அதை இழுத்துவர வேண்டும் என்று அவசியமில்லை.

போன ஞாயிறு மழைக்குப் பிறகு மாமா போன் செய்தார். ஆழக் குச்சி எழுந்திருக்கிறதாம், நைட்ரேட் அதிகம் என்று பட்டை கருஞ்சிவப்பாகிவிட்டதாம். “இந்த வாரம் வளாகத்து மோட்டாரைப் போடப்போவதில்லை” என்றார். பின்னால் மாமியின் குரல் கேட்டது: அதைச் சொல்ல அந்தக் கிண்ணம் வேண்டுமா, வானத்தைப் பார்த்தால் தெரியாதா?