ஸ்கை ஹை: எங்க வீட்ல ஆளுக்கொரு தீர்ப்பு

மொதல்லயே சொல்லிடறேன், இதுல கதை முழுக்க வெளிய வரும். 2005ல வந்த படத்துக்கு ஸ்பாய்லர் அலர்ட்டானு சிரிப்பீங்க, இருந்தாலும் வில்லன் யாருனு தெரியாம பாக்கணும்னா பாத்துட்டு வந்து படிங்க, நான் எங்கயும் போயிடல.

டிஸ்னி படம், பேரு ஸ்கை ஹை, டைரக்டர் மைக் மிட்செல். சூப்பர் ஹீரோ வீட்டு பசங்களுக்குனு ஆகாசத்துல மிதக்கற ஒரு ஹைஸ்கூல், அதுல புதுசா சேர்ற ஒரு பையன், அவனோட அப்பா அம்மா ரெண்டு பேரும் ஊரே கொண்டாடற ஹீரோஸ், ஆனா பையனுக்கு இன்னும் ஒரு பவரும் வரல. அத வீட்ல சொல்ல பயந்துகிட்டு மறைக்கறான். அவ்ளோதான் கதை. நம்ம கிருஷ்ணகிரி தர்மபுரிய விட்டு தனி மாவட்டமாகி ஒரு வருஷம் கழிச்சு வந்த படம், அதனால எவ்ளோ பழசுனு நீங்களே பாத்துக்கோங்க.

லீவுக்கு தர்மபுரியிலேர்ந்து அக்கா பசங்கள கூட்டிட்டு வந்திருந்தா. பெரியவன் இந்த வருஷம் பத்தாவது போறான், சின்னவ ஆறாவது. லேப்டாப்ப டிவில மாட்டிவிட்டு ஆளுக்கு ஒரு தட்டுல மாங்கா, உப்பு, மொளகாத்தூள். பக்கத்து வீட்டு அண்ணனும் வந்து உக்காந்துட்டாரு, மாங்கா மண்டியில வேலை, சீசன் டைம்ல அவர வீட்ல பாக்கறதே அபூர்வம். இங்கிலீஷ் ஆடியோ, கீழ சப்டைட்டில், நடுவுல அம்மாவுக்கு நான் தமிழ்ல கதை சொல்லணும், இப்படித்தான் பாத்தோம். நான் இந்த படத்த காலேஜ் ஹாஸ்டல்ல ஏற்கனவே பாத்தவன், அப்ப சும்மா டைம்பாஸா தெரிஞ்சுது, இப்ப வேற மாதிரி தெரிஞ்சுதுக்கு காரணம் கூட உக்காந்தவங்கதான்.

படத்தோட உயிரே பவர் பிளேஸ்மென்ட்னு ஒரு சீன். மொத நாளே ஜிம்ல புது பசங்க எல்லாரையும் நிக்க வெச்சு ஒவ்வொருத்தனா மேடைக்கு கூப்புடுவாரு கோச் பூமர், ப்ரூஸ் கேம்ப்பெல் பண்ணியிருக்காரு, என்ன குரல்யா அது, கத்துனாலே கட்டடம் ஆடும், அதான் அவரோட பவர். உன் பவர காட்டுனு சொல்வாரு, காட்டுனதும் ரெண்டே தீர்ப்பு, ஒண்ணு ஹீரோ இல்ல சைட்கிக், அதாவது ஹீரோவுக்கு கூடமாட எடுபிடி. ஒருத்தன் பாறையா மாறுறான், ஹீரோ. ஒருத்தன் அப்படியே உருகி தரையில தண்ணி மாதிரி ஓடுறான், சைட்கிக். ஒரு பொண்ணு கினி பிக்கா, அதான் எலி மாதிரி ஒரு குட்டி பிராணியா மாறுது, சைட்கிக். இன்னொருத்தன் நான் இருட்டுல மின்னுவேன் சார்ங்கறான், வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல, அவனும் சைட்கிக். நம்ம பையன் வில் மேல மேலேர்ந்து ஒரு கார தூக்கி போடுறாங்க, அவங்க அப்பனுக்கு பலம் இருக்கறதால இவனுக்கும் இருக்கும்னு. நசுங்கி கெடக்கறான். லைலானு ஒரு பொண்ணு, செடி கொடிய வளைக்கற பவர் இருக்கு, ஆனா தேவைப்பட்டாதான் காட்டுவேன், இப்படி ஷோ காட்ட மாட்டேங்குது. அதுக்கும் சைட்கிக்.

சின்னவ விழுந்து விழுந்து சிரிச்சா. பெரியவன் சிரிக்கல. "மாமா, இது ப்ளஸ் ஒன்ல குரூப் குடுக்கற மாதிரியே இருக்கு"ன்னான், அவ்ளோதான், அக்கா வாயி தொறந்தா மூடல. அவ படிச்ச காலத்துல ஒரு ஸ்கூல்ல மார்க் படிதான் ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன், கடைசி செக்‌ஷனுக்கு வாத்தியாரே ஒழுங்கா வரமாட்டாரு, அவ கடைசி செக்‌ஷன். பத்தாவதுல மார்க் பத்தலனு ஃபர்ஸ்ட் குரூப் இல்லனுட்டாங்க, காமர்ஸ் எடுத்தா, இப்ப பேங்க்ல இருக்கா, ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தவங்கள்ல எத்தன பேரு இன்னும் வேலை தேடிட்டு இருக்காங்க தெரியுமானு படத்த நிறுத்தி வெச்சுட்டு பத்து நிமிஷம். நம்ம பக்கம் ஆளுங்களுக்கு இது நல்லா புரியும். 2017ல ஸ்டேட் ரேங்க் அறிவிக்கறத கவர்மென்ட் நிறுத்துற வரைக்கும் ரிசல்ட் அன்னைக்கு ஊத்தங்கரை பக்கம் தர்மபுரி பக்கம் ஸ்கூல் பேருங்கதான் பேப்பர்ல வரும், பஸ் ஸ்டாண்டு சுவரு பூரா பசங்க ஃபோட்டோ ஃப்ளெக்ஸ்ல இருக்கும். ஃப்ளெக்ஸ்ல வராதவங்க எங்க போனாங்கனு யாரும் கேட்டதில்ல. இந்த படம் அந்த வராதவங்கள பத்தின படம், குறைஞ்சபட்சம் மொத பாதி வரைக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணன் இதையே ஒரே வரியில முடிச்சாரு. "மண்டியில செந்தூரா தனியா, பெங்களூரா தனியா பிரிச்சு பெங்களூராவ கூழ் கம்பெனிக்கு ஏத்துற மாதிரி பசங்கள பிரிக்கறாங்க, ஆனா தம்பி, ஏற்றுமதியில காசு கூழுலதான்"னாரு. இதுக்கு மேல நான் என்னத்த ரிவ்யூ எழுதறது.

அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவருக்கு படமே புடிக்கல, வாத்தியாருங்கள ஜோக்கராக்கிட்டாங்கனு. அதுல நியாயம் இருக்கு, ஆனா அந்த ஜோக்கருங்கள்ல ஒருத்தரு எனக்கு ரொம்ப புடிச்சாரு, மிஸ்டர் பாய். சைட்கிக் கிளாஸ் எடுக்கற வாத்தியாரு, டேவ் ஃபோலி. ஒரு காலத்துல வில்லோட அப்பாவுக்கே சைட்கிக்கா இருந்தவரு, இப்பவும் அந்த பழைய பெருமையிலயே வாழறாரு, அவரோட ஹீரோ இவர பெருசா கண்டுக்கறது கூட இல்ல. காமெடிக்குனு வெச்ச கேரக்டர்தான், ஆனா மனுஷன் முகத்துல ஒரு ஏக்கம் ஒட்டிகிட்டே இருக்கும். அப்பா அந்த ஆளு வர்ற சீன்ல மட்டும் பேப்பர கீழ வெச்சுட்டு பாத்தாரு, கேட்டா ஒத்துக்க மாட்டாரு.

நடிகருங்க லிஸ்ட்ட பாத்தா இப்ப ஆச்சரியமா இருக்கும். அப்பா ஹீரோவா கர்ட் ரஸ்ஸல், கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி ரெண்டாவது பார்ட்டுல ஈகோவா வந்தவர்னு சொன்னதும் பெரியவன் நிமிந்து உக்காந்தான். 1960கள்ல சின்ன பையனா டிஸ்னி படத்துல நடிச்சவரு, மறுபடி டிஸ்னிக்கே அப்பா வேஷத்துக்கு வந்திருக்காரு, அந்த பந்தா கலந்த வெகுளித்தனம் அவருக்கு அல்வா சாப்புடற மாதிரி. பகல்ல ஊர ஏமாத்த புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டு, இத சொன்னதும் அம்மா "ஓசூர் பக்கம் இருந்தா கோடி கோடியா சம்பாதிச்சிருப்பாங்க, எதுக்கு வில்லன் கூட சண்டை"ங்கறாங்க. பிரின்சிபல் லிண்டா கார்ட்டர், 1975லேர்ந்து 79 வரைக்கும் டிவில வொண்டர் உமனா வந்தவங்க, அத வெச்சே கடைசில ஒரு ஜோக்கு இருக்கு. லைலா பொண்ணு டேனியல் பனபேக்கர் பின்னாடி ஃப்ளாஷ் சீரியல்ல கெய்ட்லின் ஸ்னோ ஆச்சு. மின்னுற பையன் நிக்கோலஸ் ப்ரான், சக்ஸெஷன் சீரியல் பாத்தவங்களுக்கு தெரியும் அவன் எங்க போய் நிக்கறான்னு. அப்ப யாருனே தெரியாத பசங்க எல்லாம்.

வாரன் பீஸ்னு ஒருத்தன் வர்றான், கையில நெருப்பு, நீள முடி, லெதர் ஜாக்கெட், அவங்க அப்பன ஜெயில்ல போட்டது வில்லோட அப்பாதான், அதனால ஸ்கூல்ல இவனுக்கும் அவனுக்கும் ஆகாது. இந்த படம் புடிச்சவங்க யாரக் கேட்டாலும் மொதல்ல இவன் பேரத்தான் சொல்வாங்க, எங்க வீட்லயும் அதேதான், அக்காவே கொஞ்சம் அசடு வழிஞ்சா. முரட்டு பய மாதிரி தெரியறான், ஆனா ஸ்கூல் விட்டா ஒரு சைனீஸ் ஹோட்டல்ல டேபிள் தொடைக்கற வேலை பாக்கறான். அங்க லைலா தனியா உக்காந்து மனசு உடைஞ்சு இருக்கறப்ப, டேபிள்ல இருக்கற மெழுகுவத்திய விரல்லயே பத்த வெப்பான். ஒரு வார்த்தை நெருப்ப பத்தி பேசறதில்ல. படத்துல பவர வெச்சு பண்ண எத்தனையோ கிராஃபிக்ஸ விட எனக்கு இந்த சின்ன விஷயம் ஒட்டிகிச்சு.

கிராஃபிக்ஸ் பத்தி சொல்லித்தான் ஆகணும். பஸ்ஸு பறக்கறது, ஸ்கூல் மிதக்கறது எல்லாம் இப்ப பாத்தா மொபைல் கேம் மாதிரி இருக்கு, பசங்க கலாய்ச்சு தள்ளிட்டாங்க. சுமார் 3.5 கோடி டாலர்ல எடுத்த படம், உலகம் பூரா 8.6 கோடி கிட்ட வசூல், அந்த டைம்ல வந்த பெரிய சூப்பர் ஹீரோ படங்களோட செலவுக்கு முன்னாடி இது பாக்கெட் மணி, அதனால நான் விட்டுட்டேன். மியூசிக் மைக்கேல் ஜியாக்கினோ, முந்தின வருஷம் இன்க்ரெடிபிள்ஸ்க்கு போட்ட அதே ஆளு. இந்த படம் ஹாரி பாட்டரும் இன்க்ரெடிபிள்ஸும் கலந்த கலவைதானேனு ஒரு குறை எப்பவும் சொல்வாங்க, சொல்லட்டும், அந்த ரெண்டுலயும் கினி பிக் பொண்ணு இல்ல.

என்னோட கம்ப்ளைன்ட் வேற. பாதி படத்துல, கேன்டீன் சண்டையில, ஃப்ரெண்ட்ஸ காப்பாத்தறப்ப வில்லுக்கு திடீர்னு பலம் வந்துடுது. வந்ததும் சைட்கிக் கிளாஸ்லேர்ந்து ஹீரோ கிளாஸுக்கு மாத்திடறாங்க, அங்க க்வென்னு ஒரு சீனியர் பொண்ணு பின்னாடி போறான், பழைய ஃப்ரெண்ட்ஸ மறக்கறான். சரி, இது நடக்கறதுதான், ஒத்துக்கறேன். ஆனா கடைசில ஸ்கூல்லேர்ந்து கீழ தள்ளி விட்டா பறக்கவும் வந்துடுது. அப்பன் பலம், அம்மா பறக்கற சக்தி, ரெண்டும் ஒருத்தனுக்கே. பவர் இல்லனாலும் மனுஷன் மனுஷன்தான்னு ஒரு மணி நேரம் சொல்லிட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு ஹீரோவுக்கு டபுள் பவர குடுத்தா எப்படி? பெரியவன் இதுல ரொம்ப கடுப்பாயிட்டான், "அப்ப பவர் வராத பசங்களுக்கு என்ன மாமா பதில்"னு கேட்டான். பதில் இருக்கு, பஸ் டிரைவர் ரான் வில்சன், அப்பா அம்மா ரெண்டு பேரும் ஹீரோஸ், இவருக்கு கடைசி வரைக்கும் எதுவும் வரல, ஆனாலும் யூனிஃபார்ம் போட்டுகிட்டு அவ்ளோ சந்தோஷமா பஸ் ஓட்டறாரு. நல்ல கேரக்டரானு பாத்தா முடியறப்ப அவரையும் ஒரு ரசாயன தொட்டியில விழ வெச்சு ராட்சசனாக்கி பவர் குடுத்துடறாங்க. ஏன்யா, டிரைவராவே விட்டா என்ன கொறைஞ்சு போச்சு?

இதவிட பெரிய விஷயம் ஒண்ணு கைக்கு வந்தத படம் நழுவ விட்டுடுச்சு. அந்த க்வென்தான் வில்லி, பேரு ராயல் பெயின். இவ வில்லோட அப்பா அம்மா கூடவே அதே ஸ்கூல்ல படிச்ச சூ டென்னி. மிஷினு எல்லாத்தையும் மனசாலயே ஆட்டி வெக்கற சக்தி, அந்த காலத்துல அது யாருக்கும் புரியல, சைட்கிக்னு ஓரமா உக்கார வெச்சுட்டாங்க. அந்த கோவத்துல ஆளுங்கள பச்ச குழந்தையாக்கற ஒரு துப்பாக்கிய செஞ்சா, சண்டையில அது அவ மேலயே வெடிச்சு இவளே குழந்தையாகி மறுபடி வளந்து பழி வாங்க வர்றா. மேரி எலிசபெத் வின்ஸ்டெட் நல்லா பண்ணியிருக்கு. எல்லாரையும் கைக்குழந்தையாக்கி நான் மொதலேர்ந்து வளக்கறேங்கறது எவ்ளோ கோணங்கித்தனமான பிளான், சின்னவளுக்கு அந்த தொட்டில் சீன் எல்லாம் ரொம்ப புடிச்சுது. ஆனா யோசிச்சு பாருங்க, இந்த வில்லிய உண்டாக்குனதே அந்த ஸ்கூலோட பவர் பிளேஸ்மென்ட்தான். ஒருத்தராவது நாங்க அன்னைக்கு உனக்கு பண்ணது தப்புனு சொல்லணுமா இல்லையா? புடிச்சு டிடென்ஷன் ரூம்ல அடைக்கறதோட சரி. அக்கா இதுக்குத்தான் கோவப்பட்டா, "அவளுக்கு ஃபர்ஸ்ட் குரூப் குடுத்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது"னு. அப்பா மட்டும் மெதுவா, குரூப் கெடைக்காத எல்லாரும் ஊர அழிக்க கெளம்பலயேனாரு. அதுவும் வாஸ்தவம்தான்.

கிளைமாக்ஸ்ல சைட்கிக் பசங்களுக்கு நியாயமான வேலை இருக்கு, அத குறை சொல்ல மாட்டேன். ஸ்கூல மிதக்க வெக்கற மிஷின நிறுத்தி கீழ விழ வெக்க பாக்கறாங்க, அப்ப உள்ள பூந்து ஒயர கடிக்க கினி பிக்காலதான் முடியும், பாறையா மாறுற தடியனால முடியாது. குழாய்க்குள்ள இருட்டு, அங்க மின்னுற பையனுக்கு கடைசில வேலை வந்துச்சு. சின்னவ கட்டில் மேல ஏறி குதிச்சுட்டா. லைலா அப்பதான், இப்ப தேவைப்படுதுனு, பவர காட்டுது, மொத நாள் ஏன் காட்டலங்கறதுக்கு அங்க பதில். இந்த ஒரு இடத்துக்காகவே படத்த நான் மன்னிச்சுடுவேன்.

அம்மாவோட தீர்ப்பு, பசங்க நல்ல பசங்க, ஆனா எல்லாரும் ஏன் எப்ப பாத்தாலும் கத்தறாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் கடைசி அரை மணி நேரம் தூங்கிட்டாரு, விடியக்காலைல லோடு ஏத்தற ஆளு, படத்து மேல பழி போட முடியாது. சின்னவ பத்துக்கு பத்து. பெரியவன் ஆறு, அதுல ரெண்டு வாரனுக்கு. நான் ஏழு குடுப்பேன், பவர் பிளேஸ்மென்ட் சீனும் மிஸ்டர் பாயும் இல்லனா அஞ்சுதான்.

ஒரு மணி நாப்பது நிமிஷம் கிட்ட ஓடுது, பாட்டு எல்லாம் பழைய 80ஸ் பாட்டுங்கள புது பசங்க பாடுனது. பெரியவங்க முன்னாடி நெளியற மாதிரி சீன் இல்ல, கடைசில ஒரு முத்தம் வரும், அப்ப மாங்கா தட்ட எடுக்கற மாதிரி எந்திரிச்சா போதும். ரொம்ப சின்ன குழந்தைங்களுக்கு ராயல் பெயினோட முகமூடியும் அந்த கரகர குரலும் கொஞ்சம் பயமா இருக்கலாம், ஏழெட்டு வயசுக்கு மேல தாராளமா போடுங்க. பத்தாவது படிக்கற புள்ள வீட்ல இருந்தா ரிசல்ட் வர்ற வாரத்துல மட்டும் போடாதீங்க.