தம்பு செட்டித் தெரு வக்கீல்: 3,000 ரூபாய்க்குத் தகுமா?

2024-ல் என்னை வீட்டுக்கு அனுப்பிய ஓஎம்ஆர் கம்பெனி, பதினொரு பக்க அக்ரிமென்ட் ஒன்றை நீட்டி, சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டால் 4,20,000 ரூபாய் என்றது. இரண்டு நாள் டைம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஃப்ரெண்ட் சொன்ன ஒரு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, சொன்ன நேரத்துக்கு மேல் முக்கால் மணி நேரம் காக்க வைத்தார்.

ஆனால் பேப்பரைக் கையில் எடுத்ததும் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராக ஒன்பதாம் பக்கத்துக்குப் போய்ப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். நான் ஏதாவது நிபந்தனையை மீறினாலோ கேஸ் போட்டாலோ வாங்கிய மொத்தப் பணத்தையும் திருப்பித் தருவதோடு கம்பெனியின் வக்கீல் செலவு முழுவதையும் நானே கட்ட வேண்டுமாம், அதுவும் ஜெயித்தாலும் தோற்றாலும். அவர்கள் பணத்தை இழுத்தடித்தால் என் செலவுக்கு யார் பொறுப்பு என்று ஒரு வரி கூட இல்லை. "சிவில் கேஸில் யார் செலவை யார் தரணும்னு கோர்ட்தான் சொல்லும், சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 35. இவங்க அதை முன்கூட்டியே எழுதி வாங்கப் பாக்குறாங்க" என்றார். தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதில் நடுவர் விசாரணை, குருகிராமில் என்று இன்னொரு வரி. ஃப்ளைட் டிக்கெட்டும் என் தலையில்தான்.

அப்புறம் கால்குலேட்டரை எடுத்தார். பேசிக் 52,000, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 30,000, ஆறு வருஷத்துக்கு 1,80,000. அது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை, அப்போது இருந்த 1972 சட்டப்படி எப்படியும் எனக்கு வர வேண்டிய காசு, அதையும் சேர்த்துத்தான் அந்த 4,20,000! எனக்கு வயிறு எரிந்தது.

எச்ஆருக்கு அனுப்ப நாலு வரி மெயில் எழுதித் தந்தார். கிராஜுவிட்டியைத் தனியாகக் காட்டினார்கள், செலவு விஷயத்தில் 'கோர்ட் உத்தரவுப்படி' என்று மாற்றினார்கள், குருகிராமை மட்டும் விடவில்லை. சரி, போகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

குறை என்றால், வாட்ஸப்பில் பதில் வர இரண்டு நாள் ஆகும், ரசீது கேட்டால் ஜூனியர் முறைக்கிறார். ஐந்துக்கு நாலு ஸ்டார் தருவேன். போகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போங்கள், வண்டியை எடுக்காதீர்கள், ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம்.